கணினியில் தேர்வெழுதப் போகும் பார்வையற்ற மாணவருக்கு

பருவத் தேர்வையோ பொதுத்தேர்வையோ சொல்வதை எழுதுபவர் இல்லாமல், கணினியில் தானே தட்டச்சு செய்து எழுத நினைக்கும் மாணவருக்கான வழிகாட்டி இது. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் திருச்சியிலும் படிப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறோம். திரையில் உள்ளதைக் குரலில் படிக்கும் மென்பொருளான திரைவாசிப்பானை ஓரளவு பயன்படுத்தத் தெரியும், விசைப்பலகையைத் தடவாமல் அடிக்க வரும் என்று எடுத்துக்கொள்கிறோம். இவை இரண்டும் இன்னும் கைவராதவர் இந்தப் பருவத்தைச் சொல்வதை எழுதுபவரோடு முடித்துவிட்டு, அடுத்த பருவத்துக்குத் தயாராவதே நல்லது.

கணினியில் எழுதுவதன் பெரிய பயன், எழுதியதைத் திரும்பக் கேட்கலாம் என்பதே. ஒரு வாக்கியம் சரியாக அமையவில்லை என்றால் திருத்தலாம். முதல் பக்கத்தில் விட்டுப்போன குறிப்பை மூன்றாம் பக்கம் எழுதும்போதும் நுழைக்கலாம். எழுத்துப்பிழை இருந்தால் அது உங்கள் பிழையாகத்தான் இருக்கும், அதைக் களைவதும் உங்கள் கையில்தான். இந்த உரிமைக்காகக் கொஞ்சம் மெனக்கெடலாம்.

அனுமதி: வாய்ச்சொல் போதாது

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் 17-ஆம் பிரிவு, தேர்வு முறையில் தகுந்த மாற்றங்கள் செய்து தரச் சொல்கிறது. இதைவிட நேரடியாகப் பயன்படுவது, மத்திய அரசின் மாற்றுத்திறனாளிகள் அதிகாரமளித்தல் துறை 2018 ஆகஸ்ட் 29 அன்று வெளியிட்ட எழுத்துத் தேர்வு நெறிமுறைகள். பிரெயில், கணினி, பெரிய எழுத்து, ஒலிப்பதிவு ஆகியவற்றில் எந்த வழியில் விடை தருவது என்று தேர்வர் தேர்ந்தெடுக்கலாம் என்று அதில் இருக்கிறது. கணினியில் எழுதுபவர் முதல் நாளே அந்தக் கணினியைச் சோதித்துப் பார்க்க அனுமதிக்க வேண்டும் என்றும், சொல்வதை எழுதுபவர் இல்லாமல் எழுதினாலும் 3 மணி நேரத் தேர்வுக்குக் குறைந்தது 1 மணி நேரம் கூடுதலாகத் தரலாம் என்றும் இருக்கிறது. இவை 2018-இல் சொன்னவை; துறை 2025-இல் புதிய நெறிமுறைகளை வெளியிட்டிருக்கிறது. அவற்றை மாவட்ட ஆட்சியரகத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்டு வாங்கி, விண்ணப்பத்தோடு இணையுங்கள்.

2018 நெறிமுறைகளில் இன்னொன்றும் இருந்தது: தேர்வரின் சொந்தக் கணினி கூடாது. விசைப்பலகை போன்ற துணைக்கருவிகளை மட்டும் கொண்டுபோகலாம். சிபிஎஸ்இ வாரியத்தின் நடைமுறை வேறு. அங்கே தேர்வர் தன் கணினியையே, உள்ளிருக்கும் கோப்புகளையெல்லாம் அழித்துச் சுத்தமாக்கிக் கொண்டுவர வேண்டும், இணைய இணைப்பு இருக்கக்கூடாது, மையத்தின் கணினி ஆசிரியர் பார்த்துச் சரி சொல்ல வேண்டும். ஆகவே யாருடைய கணினி என்ற கேள்விக்கு உங்கள் வாரியம் அல்லது பல்கலைக்கழகத்தின் பதிலை முதலில் வாங்குங்கள். மற்ற எல்லா ஏற்பாடும் அதைப் பொறுத்தது.

கல்லூரி மாணவர் துறைத்தலைவர், முதல்வர் வழியாகத் தேர்வு நெறியாளருக்கு விண்ணப்பிக்க வேண்டும். மாநிலப் பாடத்திட்டப் பள்ளி மாணவருக்குத் தலைமையாசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் இயக்ககம். தேர்வுக் கட்டணம் கட்டும்போதே கொடுத்துவிடுங்கள், நுழைவுச்சீட்டு வந்த பிறகு கொடுத்தால் யாருக்கும் ஏற்பாடு செய்ய நேரம் இருக்காது. விண்ணப்பத்தில் கேட்க வேண்டியவை: கூடுதல் நேரம், தரைத்தளத்தில் தனி அறை, முந்தைய நாள் கணினிச் சோதனை, வினாத்தாள் யூனிகோடு (திரைவாசிப்பான் சரியாகப் படிக்கும் பொது எழுத்துக் குறியீடு) கோப்பாக, கணினி கைவிட்டால் உதவ ஒரு வாசிப்பவர், மின்தடைக்கு மாற்று ஏற்பாடு, விடைத்தாளை அச்சிடும் பொறுப்பு யாருடையது என்ற தெளிவு. மாற்றுத்திறனாளி அடையாள அட்டை நகலையும் இணையுங்கள்.

பதில் எழுத்தில் வர வேண்டும், கடித எண்ணோடு. "பார்த்துக்கலாம் தம்பி, வந்துடுங்க" என்று அலுவலகத்தில் அன்பாகச் சொல்வார்கள். தேர்வன்று அவர் விடுப்பில் இருப்பார். அறைக் கண்காணிப்பாளருக்கு எதுவும் தெரியாது, அவர் மேல் குற்றமும் இல்லை. கடிதத்தின் இரண்டு நகல்களைக் கையில் வைத்திருங்கள்.

காலையிலும் மாலையிலும் தேர்வு உள்ள நாளையும் கவனியுங்கள். 10 மணிக்குத் தொடங்கும் தேர்வு உங்களுக்கு 2 மணிக்கு முடியும், அடுத்தது 2 மணிக்கே தொடங்கும். சாப்பிட இடைவெளி வேண்டும் என்பதையும் விண்ணப்பத்திலேயே எழுதிக் கேட்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அகமதிப்பீட்டுத் தேர்வுகளைக் கணினியில் எழுதப் பேராசிரியரிடம் கேளுங்கள். அதற்குப் பல்கலைக்கழக அனுமதி தேவைப்படாது. கல்லூரி கற்றுக்கொள்ளும், நீங்களும் கற்றுக்கொள்வீர்கள்.

கணினியும் குரலும்

என்விடிஏ இலவசத் திரைவாசிப்பான். 2006-இல் ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற மென்பொருளாளர் ஒருவர் தொடங்கியது. இதில் தேர்வருக்கு மிகவும் உதவுவது, பென்டிரைவில் வைத்து இயக்கக்கூடிய கையடக்கப் பதிப்பு. என்விடிஏ பட்டியலில் 'கருவிகள்' பகுதிக்குள் அதை உருவாக்கும் வழி இருக்கிறது. கல்லூரி ஆய்வகக் கணினியில் மென்பொருள் நிறுவ அனுமதி இல்லாவிட்டாலும் இது ஓடும், உங்கள் வேகம், நிறுத்தக்குறி அமைப்புகளும் கூடவே வரும். ஆய்வகத்தில் இன்னும் விண்டோஸ் 7 இருந்தால் என்விடிஏ 2023.3.4 பதிப்புவரைதான் வேலை செய்யும், அதையும் தனிக் கோப்புறையில் வைத்துக்கொள்ளுங்கள். பென்டிரைவை ஏற்பதற்கு முன் வைரஸ் சோதனை செய்வார்கள். அதில் பாடக்குறிப்பு ஒன்றுகூட இருக்கக்கூடாது, தேர்வுக்கென்று புதிதாக ஒன்று வாங்குங்கள்.

தமிழ்க்குரல் இரண்டு வகை. விண்டோஸின் 'வள்ளுவர்' குரல் கேட்க இதமானது. ஆனால் அது கணினிக்குள் இருக்க வேண்டும், மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து இணையம் வழியே பதிவிறக்க வேண்டும். ஈஸ்பீக் குரல் இயந்திரத்தனமானது, ஆனால் என்விடிஏவுக்குள்ளேயே இருப்பதால் பென்டிரைவோடு எங்கும் வரும். வள்ளுவரில் மட்டும் பழகியவர், அந்தக் குரல் இல்லாத கணினி முன் உட்கார்ந்தால் முதல் அரை மணி நேரம் ஒன்றும் புரியாது. ஆகவே வாரத்தில் இரண்டு நாளாவது ஈஸ்பீக்கில் பழகுங்கள்.

ஹெட்போன் வயர் உள்ளதாக இருக்கட்டும். புளூடூத் ஹெட்போனுக்கு அனுமதி கிடைப்பது கடினம், நடுவில் சார்ஜும் தீரும். ஒரு மாற்று ஹெட்போனும், எண் பகுதி உள்ள யூஎஸ்பி விசைப்பலகையும் கொண்டுபோங்கள். மடிக்கணினியில் எழுதுவதானால் தொடுபலகையை அணைத்துவிட வேண்டும். உள்ளங்கை பட்டாலே கர்சர் வேறு பத்திக்குத் தாவும், நீங்கள் அடிப்பது முந்தைய விடையின் நடுவே போய் விழும். இது நடந்ததே தெரியாமல் பத்து நிமிடம் அடித்துவிட்டுக் கலங்குபவர்கள் உண்டு.

முந்தைய நாள் சோதனையில் பார்க்க வேண்டியவை:

– வேர்டு திறக்கிறதா என்பதோடு நிறுத்தாமல், புதிய கோப்பில் நான்கு வரி அடித்துச் சேமித்து, மூடி, மறுபடி திறங்கள். உரிமம் காலாவதியான வேர்டு கோப்பைத் திறக்கும், அடிக்க விடாது.
– தானியங்கி மீட்புச் சேமிப்பு வழக்கமாக 10 நிமிடத்துக்கு ஒருமுறை. அதை 1 நிமிடமாக்கச் சொல்லுங்கள்.
– ஷிஃப்டை ஐந்து முறை தட்டினால் வரும் ஒட்டு விசை வசதியை அணையுங்கள். என்விடிஏவில் பேச்சை இடைநிறுத்த ஷிஃப்டைத்தான் தட்டுகிறோம், அந்தப் பெட்டி ஓயாமல் குறுக்கே வரும்.
– விண்டோஸ் புதுப்பித்தலை ஒத்திவையுங்கள், திரை தூங்கும் நேரத்தை நீக்குங்கள்.
– தானியங்கித் திருத்தத்தையும் எழுத்துப்பிழைத் திருத்தியையும் அணைப்பதே நல்லது, பிறகு யாரும் கேள்வி எழுப்ப இடமிருக்காது.

தமிழில் அடிப்பவருக்கு

ஆங்கிலவழி மாணவர் இந்தப் பகுதியைத் தாண்டிவிடலாம். தமிழில் எழுதுபவர் இங்கேதான் அதிகம் உழைக்க வேண்டியிருக்கும்.

தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ்த் தட்டச்சு படித்தவர் அந்த முறையையே தொடரலாம். புதிதாகத் தொடங்குபவருக்குத் தமிழ்99-ஐப் பரிந்துரைக்கிறோம். 1999-இல் தமிழக அரசு ஏற்ற முறை இது. உயிரெழுத்துகள் இடக்கையிலும் பெரும்பாலான மெய்கள் வலக்கையிலும் வரும். ஆங்கில எஃப், ஜே விசைகளில் விரல் உணரும் மேடு உண்டல்லவா? தமிழ்99-இல் எஃப் என்பது புள்ளி, ஜே என்பது ப. இரண்டு கையும் இருப்பிடத்தைத் தவறவிடாது. 'தஞ்சை' என்று அடிக்க நான்கே விசை: த, ஞ, ச, ஐ. ஞ-வுக்கு அடுத்து ச வந்தால் நடுவில் புள்ளி தானாக விழும். தேர்வறைக் கணினியில் உட்கார்ந்ததும் இந்தச் சொல்லை அடித்துப் பாருங்கள். 'தஞசை' என்று விழுந்தால் அங்கே தானியங்கிப் புள்ளி இல்லை, எல்லாப் புள்ளியையும் நீங்களே அடிக்க வேண்டும்.

மொழி மாற்ற விண்டோஸ் விசையோடு இடைவெளி விசை. மாறிய மொழியை என்விடிஏ சொல்லும்.

காதுக்குப் பிடிபடாத பிழைகள்தான் மதிப்பெண்ணைத் தின்பவை. ந-வும் ன-வும், ர-வும் ற-வும் குரலில் ஏறக்குறைய ஒன்றே. 'அறம்' என்பதற்கு 'அரம்' என்று அடித்திருந்தாலும் காது ஏமாந்துவிடும். சந்தேகம் வந்தால் அந்த எழுத்தின் மேல் கர்சரை வைத்து, எண் பகுதியின் 2-ஐ விரைவாக மூன்று முறை தட்டுங்கள் (மடிக்கணினி அமைப்பில் என்விடிஏ விசையோடு, அதாவது வழக்கமாக இன்செர்ட் விசையோடு, முற்றுப்புள்ளி). எழுத்தின் யூனிகோடு எண்ணைச் சொல்லும். ந 2984, ன 2985, ண 2979. ர 2992, ற 2993. ல, ள, ழ மூன்றும் வரிசையாக 2994, 2995, 2996. இந்த எட்டு எண்களை மனப்பாடம் செய்தவருக்குக் கண் தேவையில்லை. எல்லாச் சொல்லுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. பாடத்தின் கலைச்சொற்கள், நூற்பெயர்கள், ஆசிரியர் பெயர்கள் ஆகியவற்றுக்கு மட்டும் போதும்.

அழிப்பதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. 'கொ' என்ற எழுத்தின் பின் பேக்ஸ்பேஸ் தட்டினால் ஒகரக் குறி மட்டும் போய் க நிற்கும். எழுத்தின் முன் நின்று டெலீட் தட்டினால் முழு எழுத்தும் போகும். பேக்ஸ்பேஸ் ஒருமுறை தட்டிவிட்டு எழுத்து போய்விட்டது என்று நம்பினால், சொல்லின் நடுவே அனாதையாக ஒரு க கிடக்கும்.

வினாத்தாள் பேசாதபோது

வினாத்தாளைக் கோப்பாகக் கொடுத்தும் திரைவாசிப்பான் உளறினால், அது பழைய எழுத்துருவில் அடித்தது. பாமினி என்ற பழைய எழுத்துருவில் 'தமிழ்' என்பது திரையில் தமிழ் என்றே தெரியும். கோப்புக்குள்ளே இருப்பவை ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்ற ஆங்கிலக் குறிகள், குரல் அதைத்தான் வாசிக்கும். பார்ப்பவருக்கு எந்தக் குறையும் தெரியாது, அதனால் "நல்லாத்தானே இருக்கு" என்பார்கள். 2010 ஜூனிலேயே யூனிகோடைத் தமிழக அரசு தரமாக அறிவித்துவிட்டது. ஆனாலும் வினாத்தாள் அச்சாகும் இடங்களில் பழைய எழுத்துருக்கள் இன்னும் புழங்குகின்றன. எழுத்துரு மாற்றி மென்பொருளில் போட்டால் சில நொடியில் யூனிகோடாகும். ஆனால் அதைத் தேர்வன்று உறை பிரித்த பிறகு செய்ய நேரும், யார் செய்வது என்பதை முன்பே பேசி முடிவு செய்ய வேண்டும். மாற்றியபின் எண்கள், ஆண்டுகள், ஆங்கிலச் சொற்கள் குழம்பியிருக்கலாம், தாளோடு ஒருவர் ஒப்பிட்டுச் சொல்லட்டும்.

ஸ்கேன் செய்த பிடிஎஃப் வெறும் படம், திரைவாசிப்பானுக்கு அதில் படிக்க எதுவும் இல்லை. அந்த நிலையில் வாசிப்பவர்தான் வழி. அவர் வாசிக்க வாசிக்க வினாக்களை எண்ணோடு நீங்களே ஒரு கோப்பில் அடித்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிடம் போகும். இருந்தாலும் ஒவ்வொரு வினாவுக்கும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டிருப்பதை விட இதுவே மேல். வரைபடம், நிலப்படம் சார்ந்த வினாக்களுக்குப் பார்வையற்றவர்க்கு மாற்று வினா தருவது வழக்கம். தாளில் அது இல்லையென்றால் தொடக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்.

வேகக் கணக்கு

75 மதிப்பெண் தாளை எடுத்துக்கொள்வோம்: இரண்டு மதிப்பெண் 10, ஐந்து மதிப்பெண் 5, பத்து மதிப்பெண் 3. முறையே 30, 150, 350 சொற்கள் என்றால் மொத்தம் 2,100 சொற்கள். கிடைக்கும் 240 நிமிடத்தில் வினாத்தாள் கேட்க 20, திருப்பிப் பார்க்க 35 போனால் 185 நிமிடம் மிஞ்சும். நிமிடத்துக்கு 12 சொல் போதும். இது யோசித்துக்கொண்டே அடிக்கும் வேகம். பார்த்தோ கேட்டோ படியெடுக்கும் வேகத்தைக் கணக்கில் கொள்ளாதீர்கள், அது ஏறக்குறைய இரண்டு மடங்கு இருக்க வேண்டும். தேர்வுக்கு ஒரு மாதம் முன்பிருந்து, வாரம் ஒரு முழுத்தாளை நான்கு மணி நேரம் எழுந்திருக்காமல் எழுதுங்கள். மூன்றாம் மணி நேரத்தில் மணிக்கட்டும் காதும் எப்படிச் சோர்கின்றன என்பது அப்போதுதான் தெரியும்.

அமைப்பு எளிமையாக இருக்கட்டும். ஒவ்வொரு வினா எண்ணையும் தலைப்பாக்குங்கள் (கன்ட்ரோல், ஆல்ட், 1). பிறகு என்விடிஏ விசையோடு இடைவெளி விசையை அழுத்தி உலாவு நிலைக்குப் போனால், எச் விசை ஒவ்வொரு விடையாகத் தாவும். திரும்ப எழுத மறுபடி அதே கூட்டு. உலாவு நிலையில் இருப்பதை மறந்து அடித்தால் எதுவும் பதியாது. குறுவைக்கும் சம்பாவுக்கும் வேறுபாடு தருக என்பது போன்ற வினாவுக்கு வேர்டு அட்டவணை போடாதீர்கள். அட்டவணைக்குள் கர்சர் சிக்கினால் நேரம் வீணாகும். 'பருவம்: குறுவை இப்படி, சம்பா இப்படி' என்று வரி வரியாக எழுதினால் திருத்துபவருக்கும் புரியும்.

தேர்வு நாள்

அரை மணி நேரம் முன்னதாக உட்காருங்கள். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில்தான் நவம்பர் பருவத் தேர்வு வருகிறது. திருத்துறைப்பூண்டியிலிருந்தோ பட்டுக்கோட்டையிலிருந்தோ தஞ்சை வருபவர் முந்தைய நாள் சோதனைக்கு வந்தபோதே தங்கிவிட முடிந்தால் நல்லது. கடிதம், பென்டிரைவ், ஹெட்போன் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வையுங்கள்.

மின்சாரத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரைகடந்த கஜா புயலுக்குப் பின் மின்சாரம் இல்லாமல் கிடந்த ஊர்கள் இவை. புயல் இல்லாத நாளிலும் துணைமின் நிலையப் பராமரிப்புக்கு முன்னறிவித்துப் பகலில் நிறுத்துவார்கள், அந்த அறிவிப்பைத் தேர்வு அட்டவணையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மேசைக் கணினியின் சிறிய யூபிஎஸ் சேமித்து அணைக்க மட்டுமே நேரம் தரும். ஆகவே நல்ல பேட்டரி உள்ள மடிக்கணினியைக் கல்லூரியிடம் கேளுங்கள், முழு நான்கு மணி நேரம் தாங்குமா என்று முன்பே ஓடவிட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். என்விடிஏ விசை, ஷிஃப்ட், பி (B) மூன்றும் சேர்ந்தால் பேட்டரி அளவு சொல்லும். மணி தெரிய என்விடிஏ விசையோடு எஃப்12. லேசர் அச்சுப்பொறி சிறிய யூபிஎஸ்ஸில் ஓடாது, அச்சிட ஜெனரேட்டரோ மின்சாரமோ வரும்வரை காத்திருக்கத்தான் வேண்டும்.

கோப்பைப் பதிவெண் பெயரில், கணினியின் உள்வட்டிலேயே சேமியுங்கள். பென்டிரைவில் நேரடியாக வைத்து எழுதினால் ஒரு அசைவில் கோப்பு கெடலாம். ஒவ்வொரு பத்தி முடிவிலும் கன்ட்ரோல் எஸ்.

குரல் திடீரென நின்றால் பதறாதீர்கள். பெரும்பாலும் என்விடிஏ விசையோடு எஸ் பட்டிருக்கும். அது பேச்சு நிலையை மாற்றும், 'டொக் டொக்' என்ற ஒலியும் கேட்கலாம். பேச்சு திரும்பும்வரை அதையே தட்டுங்கள். வரவில்லை என்றால் ஹெட்போன் முனையைத் தடவிப் பாருங்கள். அதன்பின் என்விடிஏவை மறுபடி தொடங்குங்கள். நிறுவிய பதிப்பானால் கன்ட்ரோல், ஆல்ட், என். கையடக்கப் பதிப்பானால் கண்காணிப்பாளரைப் பென்டிரைவிலிருந்து இயக்கித் தரச் சொல்லுங்கள். எழுதியது முழுக்க மறைந்துவிட்டால், கன்ட்ரோல் ஏ பட்டு அடுத்த எழுத்து அனைத்தையும் மாற்றியிருக்கும். வேறு எதையும் தொடாமல், கோப்பை மூடாமல், கன்ட்ரோல் இசட். கோளாறில் போன நேரத்தை அப்போதே கண்காணிப்பாளரிடம் சொல்லிக் குறித்துவைக்கச் செய்யுங்கள், முடிவில் கேட்டால் யாருக்கும் நினைவிருக்காது.

அச்சிட்டு ஒப்படைத்தல்

அச்சிடும் நேரம் தேர்வு நேரத்தில் சேராது என்பதை அனுமதிக் கடிதத்திலேயே எழுதி வாங்கியிருக்க வேண்டும். எழுத்துரு நிர்மலா அல்லது லதா, அளவு 14, ஒன்றரை வரி இடைவெளி, ஒரு பக்கம் மட்டும். வேறு கணினிக்குக் கொண்டுபோய் அச்சிட்டால் எழுத்துரு மாறித் தமிழ் கட்டம் கட்டமாக வரலாம், அதனால் முதலில் பிடிஎஃப் ஆக்கி அதையே அச்சிடச் சொல்லுங்கள். தாளில் பக்க எண் இருக்கட்டும், உங்கள் பெயர் இருக்கக்கூடாது.

அச்சிட்ட தாள்களை உங்கள் முன்னிலையில் ஒருவர் எண்ண வேண்டும். முதல் வரியையும் கடைசி வரியையும் வாசிக்கக் கேட்டு, கோப்பில் உள்ளதோடு ஒத்துப் போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தாளிலும் உங்கள் கையொப்பம் அல்லது பெருவிரல் ரேகை, கண்காணிப்பாளரின் கையொப்பம். முகப்புத் தாளோடு சேர்த்துத் தைத்து, பக்க எண்ணிக்கையை முகப்பில் எழுதச் சொல்லுங்கள். கோப்பின் ஒரு பிரதி தேர்வு அலுவலகத்தின் பென்டிரைவில் பதிந்து உறையிடப்படட்டும், மறுமதிப்பீடு கேட்கும்போது அது தேவைப்படும். அதன் பிறகே கணினியிலிருந்து கோப்பை நீக்க வேண்டும், குப்பைத்தொட்டியையும் காலி செய்யச் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.